சிப் எண்ணும், தேய்மானத்தைப் பார்ப்பது யார்?

திருச்சியின் தென்னூர், தில்லைநகர் வட்டாரத்தில் ஆஸ்பத்திரிப் பலகைக்குக் குறைவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி இந்தப் பக்கம் வருவது பலருக்குப் பழக்கம். 'ரோபோ மூலம் செய்யலாம்' என்று டாக்டர் சொல்வதும் இன்று அதிசயமில்லை. சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் அரசே 2022-இல் அந்த வசதியைத் தொடங்கிவிட்டது. கேட்டதும் வரும் முதல் பயம், மெஷின் தானாக எதையாவது வெட்டிவிடுமோ என்பது. அது வேண்டாத பயம். யோசிக்க வேண்டியது, மெஷின் கையின் நுனியில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியைப் பற்றித்தான்.

கையை அசைப்பது யார்?

சர்ஜன்தான். பரவலாகப் பயன்படும் டா வின்சி ரோபோவில், அவர் நோயாளியை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, உள்ளுறுப்புகளைப் பெரிதாகக் காட்டும் திரைக்குள் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். அதே அசைவை உள்ளே கருவி செய்கிறது. அவர் தலையை எடுத்துவிட்டால் கருவி இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எது தேய்கிறது?

கருவியின் தண்டு பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் நுனியில் நம் மணிக்கட்டு போலத் திரும்பும் ஒரு மூட்டு. தண்டுக்குள் ஓடும் மெல்லிய டங்ஸ்டன் கம்பிவடங்கள், குட்டிக் கப்பிகளைச் சுற்றி அந்த மூட்டை இழுக்கின்றன.

சைக்கிள் பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக அது நீளும். பிடியை அழுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. பிறகு இழை இழையாகப் பிரிந்து, ஒருநாள் அறும். இங்கேயும் அதே கதைதான். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பது ரோபோவுக்குத் தெரியும். நுனி எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது. வடம் தளர்ந்தால் அந்தக் கணக்கு பிசகும்.

இரண்டாவது ஆபத்து மின்சாரம். மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டும் கத்தரியின் மேல் மின்காப்பு உறை உண்டு. அதில் மயிரிழை விரிசல் விழுந்தால், போகக்கூடாத இடத்துக்கு மின்சாரம் கசிந்து பக்கத்துக் குடலைச் சுடலாம். 2013-இல் டா வின்சி தயாரிப்பு நிறுவனமான இன்டியூட்டிவ் சர்ஜிக்கலே, ஒரு வகைக் கத்தரியில் இப்படி நுண்விரிசல் விழலாம் என்று மருத்துவமனைகளை எச்சரித்தது.

சிப் எதை எண்ணுகிறது?

கருவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் ஒன்று என்று எண்ணிக்கொண்டே வரும். பல கருவிகளுக்கு வெகுகாலம் 10 முறைதான் வரம்பு. 2020-க்குப் பிறகு சிலவற்றுக்கு 12 முதல் 18 வரை உயர்ந்தது. வரம்பு முடிந்தால் ரோபோ அந்தக் கருவியை ஏற்காது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிப் எண்ணுவது தடவையை, உழைப்பை அல்ல. ஒரு மணி நேரத்தில் முடிவதும் ஒன்றுதான், ஐந்து மணி நேரம் இழுக்கும் புற்றுநோய் ஆபரேஷனும் ஒன்றுதான். ஆகவே, எண்ணிக்கை மிச்சமிருப்பதால் மட்டும் கருவி நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அப்படியானால் கண்டுபிடிப்பது யார்?

துவாக்குடிப் பக்கத்து லேத் பட்டறையில் டூல் மழுங்கினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ரோபோ ஆபரேஷனில் சர்ஜனின் கை கருவியைத் தொடுவதில்லை. அழுத்தத்தை நுனியிலேயே அளந்து சர்ஜன் கைக்குச் சொல்லும் டா வின்சி 5, அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2024-இல்தான். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் தேய்மானத்தை முன்கூட்டியே சொல்ல ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

அதுவரை காவல், மனிதக் கண்தான். கருவியைக் கழுவி, ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கும் ஊழியர் நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்து வடத்தையும் உறையையும் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தியேட்டர் நர்ஸ் நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு பயப்படலாம்?

2000 முதல் 2013 வரை அமெரிக்க அரசுக்கு வந்த 10,624 புகார்களை ஓர் ஆய்வு அலசியது. ஏறத்தாழ 15 சதவீதம், கருவித் துண்டு உடைந்தோ கருகியோ உடலுக்குள் விழுந்தவை; சுமார் 10 சதவீதம் மின்பொறி. ஆனால் 2007-க்கும் 2013-க்கும் இடையில் மட்டும் அங்கே 17 லட்சத்துக்கு மேல் ரோபோ ஆபரேஷன்கள் நடந்தன. ஆக, அரிதுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்கலாம்?

மாற்றுக் கருவி தியேட்டரில் தயாராக இருக்குமா? ரோபோ நின்றுபோனால் சாதா லேப்ராஸ்கோப்பியாகவோ வயிற்றைத் திறந்தோ முடிக்க அதே குழு தயாரா? ஒவ்வொரு கருவியின் பரிசோதனைக்கும் பதிவேடு உண்டா? இந்த மூன்றும் மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. கோளாறு நேர்ந்தால் பதிவுசெய்ய, மருத்துவச் சாதனங்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2015 முதல் இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகும் ஒன்று நினைவிருக்கட்டும். கசிந்த மின்சாரம் சுட்ட குடல் சில நாள் கழித்துத்தான் தன்னைக் காட்டும். வயிற்றுவலி கூடினாலோ, காய்ச்சலோ வீக்கமோ வந்தாலோ, 'தையல் வலிதான், சரியாகிவிடும்' என்று இருந்துவிடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.