பக்கவாதம்: வீடு திரும்பிய பிறகு யார் துணை?

பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது என்பது இப்போது ஓரளவு பரவியிருக்கிறது. அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. மாத்திரைச் சீட்டோடு ‘பிசியோ பண்ணுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி டிஸ்சார்ஜ் செய்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து தூக்கி உட்காரவைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில்.

இவர்களுக்கு யாரும் சொல்லித்தராதவை ஏராளம். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும். படுக்கவைத்தே கஞ்சி ஊற்றினால் புரையேறி நிமோனியாவில் முடியலாம். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட பலருக்குப் பேச்சு தடைபடுகிறது. அவர்களில் சிலருக்கு நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. அப்படிப்பட்டவர் எதிரிலேயே ‘இனி இவருக்கு ஒன்றும் விளங்காது’ என்று பேசுவதுபோல் கொடுமை வேறில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம்.

சரி, குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு இதைத்தான் சோதித்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். ஒரு பிரிவில், வழக்கமான சிகிச்சையோடு வீட்டில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் தந்து, இரண்டு மாதம் வரை தொடர்ந்து வழிகாட்டினார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. பயிற்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்ந்த கைகள் செய்ய வேண்டியதை வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது என்பது தெளிவு.

வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம், ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாகப் பழக்கியது. புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கியது, நாளடைவில் பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களின் வீடுகளுக்கும் போனது. 2008-இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஊர் ஊராகச் சுற்றும் பிசியோதெரபிஸ்ட் ஒரே வீட்டுக்கு எத்தனை முறை வந்துவிட முடியும்? பக்கவாதத்தில் வேகமான முன்னேற்றம் முதல் சில மாதங்களில்தான். காத்திருக்க நேரமில்லை.

பார்த்துக்கொள்பவருக்கும் ஆள் வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து கால் மணி நேரம் உச்சுக்கொட்டிவிட்டுப் போகிற சொந்தங்கள் நிறைய. ‘இரண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு’ என்பவர்கள் குறைவு.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, பிசியோதெரபி கேளுங்கள். கை கால் செயலிழப்பு நீடித்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பல சலுகைகளுக்கு வழியுண்டு. விவரங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.