தெலோக் பிளாங்கா அரசவையும் ஜொகூர் – பகாங் உறவும்

தஞ்சோங் பகார் என்றவுடன் தமிழாசிரியர்க்குக் கப்பல்துறையும் அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளருமே நினைவிற்கு வருகின்றனர். கப்பல்துறை நிறுவனம் 1864இல் தோன்றியது. அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் முன்னரே, மேற்கே அடுத்துள்ள தெலோக் பிளாங்காவில் ஜொகூர்த் தெமெங்கோங்கின் குடியிருப்பு அமைந்திருந்தது. சிறிய மலாய் அரசொன்று தன் அண்டை அரசுகளோடு கொண்ட உறவை நெடுங்காலம் அங்கிருந்தே நடத்தியது. அது எத்துணை உரிமையோடு நடத்திற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசேனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் சிங்கப்பூரைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தனர். தெமெங்கோங் பெற்றது 26,800 டாலரும் மாதந்தோறும் 700 டாலரும் ஆகும். பணத்தைவிட முதன்மையானது மற்றொரு விதி: சிங்கப்பூரில் வாழும்வரை அல்லது உதவித்தொகை பெறும்வரை, கும்பினியார் இசைவின்றி அயலரசுகளோடு கூட்டோ கடிதப் போக்குவரத்தோ கொள்ளலாகாது என்பது அது.

எனினும் மலாய் அரசுகளுக்கிடையே இவ்விலக்கு நடைமுறையில் இறுகவில்லை. 1862இல் தெமெங்கோங் அபூ பக்கர், பகாங்கை ஆண்ட பெண்டஹாரா குடும்பத்தோடு நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டார். அப்போது பகாங்கில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பெண்டஹாரா முத்தாஹிர் பக்கம் ஜொகூரும், அவர் தம்பி வான் அகமது பக்கம் திரங்கானுவும் சயாமும் நின்றன. அவ்வாண்டு நவம்பரில் ஆளுநர் கேவனா குவாலா திரங்கானுவைப் பீரங்கியால் தாக்கச் செய்தும், 1863இல் வென்றவர் வான் அகமதே. அரசுக்கும் அரசுக்குமான உடன்படிக்கை, உண்மையில் ஒரு குடும்பக் கிளையோடு செய்த உடன்படிக்கையாகவே முடிந்தது. பின்னர் எழுந்த எல்லைப் பூசலை 1868இல் ஆளுநர் ஆர்டு தீர்த்து, எண்டாவ் ஆற்றை எல்லையாக்கினார். தீர்ப்பளிக்கும் இடம் மூன்றாமவர் கைக்குச் சென்றதை இங்குக் காண்கிறோம்.

இவ்வரசின் பணியில் தமிழ்த் தொடர்பும் உண்டு. நாகூர் வழிவந்த தமிழ் – அரபு மரபினரான முன்ஷி அப்துல்லாவின் மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி அபூ பக்கரின் ஆட்சியில் உயர்பதவி எய்தியவர். நம் பாடநூல்கள் தந்தையை அறிமுகப்படுத்தும் அளவிற்கேனும் மகனையும் அறிமுகப்படுத்தலாம்.

1885இல் இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் அபூ பக்கரைச் சுல்தானாக ஏற்றது. அதற்கு ஈடாக, பிரித்தானிய இசைவின்றி அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்வதையும் பிற மலாய் அரசுகளின் ஆட்சியில் தலையிடுவதையும் தடுத்தது. ஆயினும் மூன்றாண்டுகளில், பிரித்தானிய ரெசிடெண்டை ஏற்குமாறு பகாங் சுல்தானான அதே அகமதை இணங்கவைக்க அபூ பக்கரின் செல்வாக்கே பயன்பட்டது. 1888இல் அகமது இசைந்தார்.