அம்புக்குறி முளைத்த ஃபோல்டர்

அணைக்கட்டு தாலுகா ஆபீசுக்கு வருபவரின் பட்டா நகல் ஒரு பென்டிரைவில் இருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்கு மனுப் போடும் பையனின் பயோடேட்டா இன்னொன்றில். இரண்டையும் செருகுவது ஒரே ஜெராக்ஸ் கடைக் கணினியில்தான். ‘ஷார்ட்கட் வைரஸ்’ பரவ வேறென்ன வேண்டும்?

அது பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். ஐகானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி. வேறு வித்தியாசம் தெரியாது. அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டும் ஓடும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முன்பு பென்டிரைவைச் செருகினாலே போதும், ‘ஆட்டோரன்’ வைரஸை ஓடவிட்டுவிடும். 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அந்த வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. இப்போது ஆட்டோரன் செய்த வேலையை நம் விரலே செய்கிறது.

பலர் உடனே பென்டிரைவை ஃபார்மேட் செய்கிறார்கள். மறுபடி செருகியதும் அம்புக்குறி வந்து நிற்கும். ஸ்கிரிப்ட் ஏற்கெனவே கணினியின் ஸ்டார்ட்அப்பில் குடியேறிவிட்டது. முதலில் டாஸ்க் மேனேஜரில் ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டும். பிறகு ஸ்டார்ட்அப்பிலிருந்து அதைக் களைய வேண்டும். பென்டிரைவின் முறை கடைசியில்தான். அதில் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. ‘அட்ரிப்’ கட்டளை கொடுத்தால் மறைந்தவை வெளியே வரும். ஃபார்மேட் செய்தவருக்குத்தான் நஷ்டம்.

வைரஸ் என்று சொல்ல முடியாத குப்பையும் உண்டு. இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரை இறக்கி ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனால், டூல்பாரும் விளம்பரமும் பின்னாலேயே வந்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால் ஒரே நாளில் நுழைந்த கூட்டம் அகப்படும். ஒரே கணினியில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ் போடுவது என் பார்வையில் அதையும்விட மோசம். ஒன்றோடொன்று மோதி கணினியை நத்தையாக்கிவிடும்.

துடைக்கும் கருவிகளுக்குக் காசு தர வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சி-டாக் உருவாக்கிய ‘யுஎஸ்பி பிரதிரோத்’, அனுமதியில்லாத பென்டிரைவைக் கணினிக்குள் விடாது.

கடைக்கு மட்டுமா இந்தத் தொல்லை? 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அந்த நிர்வாக வலையமைப்பு இணையத்தோடு இணைந்தது. உலையை இயக்கும் அமைப்போடு அதற்குத் தொடர்பே இல்லாததால் ஆபத்து அங்கே போகவில்லை. ஜெராக்ஸ் கடையிலும் இதைச் செய்யலாம்: வெளிப் பென்டிரைவுக்கு ஒரு பழைய கணினி, ஜிஎஸ்டி கணக்குக்கும் பேங்க் வேலைக்கும் வேறொன்று.