இருட்டில் பிறந்த வண்ணம்



அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்த முறையிலான வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு 1953 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் அன்றைய வண்ணக் கேமராவுக்கு விலை உயர்ந்த மூன்று கேமராக் குழாய்கள் வேண்டும். கண்கூசும் விளக்குகளும் வேண்டும். சிறிய நிலையங்களுக்கு அது எட்டாக்கனி.

அவற்றை மனத்தில் வைத்து டூமாண்ட் நிறுவனம் செய்த கருவிதான் விட்டாஸ்கேன். மற்ற கேமராக்கள் ஒளியை உள்வாங்கும். இதுவோ ஒளியை வெளியே வீசும். இருண்ட அரங்கில், ஒரே ஒரு ஒளிப்புள்ளி அறிவிப்பாளரின் முகத்தில் வரிவரியாக ஓடும். பட்டுத் திரும்பும் ஒளியை, சுற்றிலும் உள்ள ஒளியுணர் குழாய்கள் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்து வாங்கிக்கொள்ளும்.

இருட்டில் கையிலுள்ள தாளை எப்படிப் படிப்பது? ஒளிப்புள்ளி கீழே ஓடி முடித்து மேலே திரும்பும் சிறு இடைவெளியில் மட்டும், நொடிக்குச் சுமார் 60 முறை, விளக்கு மின்னி அணையும். மனிதக் கண்ணுக்கு அது வெளிச்சம்; கருவிக்கோ இருட்டு!

1956-இல் மில்வாக்கி நகரின் டபிள்யூ.ஐ.டி.ஐ நிலையம் இதைப் பயன்படுத்தியது. சூரிய ஒளியில் இயங்காததால், அரங்கைத் தாண்டி விட்டாஸ்கேனால் வெளியே வர முடியவில்லை. ஆனாலும், சிறிய ஊருக்கும் வண்ணம் சேர வேண்டும் என்று நினைத்த அந்த முயற்சி என்றும் பாராட்டுக்குரியது.