நெஞ்சுச் சளிக்கு வைட்டமின் டி மருந்தாகுமா?

குழந்தைக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டினால், "பிள்ளையை வெயிலில் காட்டு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இப்போது வைட்டமின் டி சொட்டு மருந்தும் சேர்ந்துகொண்டது. இதில் எவ்வளவு உண்மை?

சூரிய ஒளி நேரடியாகத் தோலில் படும்போது வைட்டமின் டி-யை உடலே தயாரித்துக்கொள்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. தாய்ப்பாலில் இந்தச் சத்து இயல்பாகவே குறைவு. தாய் வெயில் படாமலேயே இருந்தால் இன்னும் குறையும். குறைபாடு முற்றினால் குழந்தையின் எலும்புகள் வலுவிழந்து வளையும். இதுவே ரிக்கெட்ஸ்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. நிமோனியா கண்ட 500 குழந்தைகளில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. நிமோனியா இல்லாத 500 பேரில் 20 பேருக்கு மட்டுமே இருந்தது.

அப்படியானால் வைட்டமின் டி கொடுத்தால் நிமோனியா வராதா? ஆப்கானிஸ்தானின் காபூலில் இதைச் சோதித்தார்கள். நிமோனியா கண்ட குழந்தைகளுக்கு ஒரே தவணையாக 1 லட்சம் யூனிட் கொடுத்தபோது, 90 நாட்களுக்குள் 45 சதவீதம் பேருக்கு அது மீண்டும் வந்தது. கொடுக்காதவர்களில் இது 58 சதவீதம். 2010-ல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட 3,046 குழந்தைகளிடம் 18 மாதங்கள் நடந்த பெரிய ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அளவு கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. இது 2012-ல் வெளியானது.

ஆகவே, வைட்டமின் டி எலும்புக்கு அவசியம். நிமோனியாவைத் தடுக்கும் கேடயம் அல்ல. ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் கொடுக்கக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். சளி குறையவில்லையே என்று நாமாக அளவைக் கூட்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படும்.

நிமோனியாவைத் தடுக்க நிமோகாக்கல், பென்டாவேலன்ட் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பீடி, சிகரெட், விறகடுப்பு, சாம்பிராணி எந்தப் புகையும் பிள்ளை இருக்கும் அறைக்குள் வேண்டாம்.

சளி இருக்கும்போது, பிள்ளை அழாமல் இருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பச்சிளங்குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே செல்லுங்கள். வெயிலுக்கும் சொட்டு மருந்துக்கும் காத்திருக்கும் நேரம் அதுவல்ல.