உங்களுக்குத் தெரியுமா? சீட்டுக் குலுக்கலில் பச்சை இறைச்சி!

ஆஸ்திரேலிய மதுக்கூடங்களில் குலுக்கல் சீட்டு வாங்கினால் விழும் பரிசு, பணமோ பாத்திரமோ அல்ல. ஒரு தட்டு நிறையப் பச்சை இறைச்சி!

● பரிசின் பெயர் ‘மீட் ட்ரே’. ஆட்டு விலாத் துண்டுகள், சாசேஜ், மாட்டிறைச்சி எல்லாம் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துச் சுற்றியிருக்கும்.

● வெள்ளிக்கிழமை மாலைகளில் குலுக்கல் களைகட்டும். ஜெயித்த தட்டு வார இறுதியில் வீட்டு பார்பிக்யூ அடுப்புக்குப் போய்விடும்.

● திரளும் பணம் பெரும்பாலும் உள்ளூர் விளையாட்டுக் கழகங்களுக்கும் தொண்டுப் பணிகளுக்கும் சேரும்.

● அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் இந்த வழக்கம் உண்டு. பரிசு கறிதான் என்றாலும், அங்கே சட்டப்படி இதுவும் சூதாட்டம். கண்காணிக்க மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது.