ஓட்டத்திற்கு முன் குளிர்ச்சி: யாருக்கு உதவும், எதுவரை உதவும்?



ஓடப் போகிறவர்கள் முதலில் கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும் என்று பள்ளி நாட்களில் நாம் எல்லாரும் கற்றிருக்கிறோம். ஆனால் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற ஆஸ்திரேலியப் படகோட்டிகள், போட்டிக்கு முன் பனிக்கட்டி வைத்த மேலங்கிகளை அணிந்துகொண்டார்கள். 2004இல் ஏதென்ஸ் நகரின் கடும் வெயிலில் மாரத்தான் ஓடிய அமெரிக்கர்களான தீனா கேஸ்டரும் மெப் கெஃப்லெஸிகியும் அவ்வாறே செய்தார்கள். கேஸ்டர் வெண்கலப் பதக்கமும் கெஃப்லெஸிகி வெள்ளிப் பதக்கமும் பெற்றார்கள்.

சூடேற்ற வேண்டிய வேளையில் குளிரூட்டுவது முரண் அல்லவா என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் காண, தசையின் வெப்பம் வேறு, உடலின் உள்வெப்பம் வேறு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தசைக்குக் குளிர் உகந்ததல்ல

தசை சுருங்குவது இரசாயன மாற்றங்களால் நடைபெறுகிறது. தசை குளிர்ந்தால் அம்மாற்றங்கள் மெதுவாகின்றன; நரம்புகள் கட்டளையைக் கொண்டுசெல்லும் வேகமும் குறைகிறது. சார்ஜன்ட் என்னும் ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிலருடைய கால்களை 45 நிமிடம் நீரில் வைத்திருந்து, பின்பு மிதிவண்டிக் கருவியில் முழு பலத்தோடு மிதிக்கச் செய்தார். 44 டிகிரி செல்சியஸ் நீரில் கால் வைத்தபின் உச்சத்திறன் சுமார் 11 சதவீதம் கூடியது. 18 டிகிரி நீருக்குப்பின் 12 சதவீதமும், 12 டிகிரி நீருக்குப்பின் 21 சதவீதமும் குறைந்தது.

ஆகவே நூறு மீட்டர் ஓடுகிறவருக்கும், உயரம் தாண்டுகிறவருக்கும், பளு தூக்குகிறவருக்கும் முன்குளிர்ச்சி பயன் தராது; கேடே செய்யும். அவர்களுக்கு நம் ஆசிரியர்கள் சொன்ன பழைய அறிவுரையே சரி.

நெடுந்தூரம் ஓடுகிறவரின் நிலை வேறு

நாம் உழைக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவானதே வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகிறது. இந்த வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. வியர்வை ஆவியாகி அதை வெளியேற்றுகிறது. காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

1999இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வில், மிதிவண்டி வீரர்கள் ஏழு பேரை 40 டிகிரி வெப்பத்தில் களைத்துப்போகும்வரை மிதிக்கச் செய்தார்கள். தொடங்குமுன் அவர்களுடைய உள்வெப்பம் ஒரு நாள் 35.9 டிகிரியாகவும், ஒரு நாள் 37.4 டிகிரியாகவும், மற்றொரு நாள் 38.2 டிகிரியாகவும் இருக்கும்படி, நீரில் அமர்த்தி மாற்றினார்கள். குளிர்ந்து தொடங்கிய நாளில் 63 நிமிடமும், இயல்பான நாளில் 46 நிமிடமும், சூடாகத் தொடங்கிய நாளில் 28 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் மூன்று நாட்களிலும் அவர்கள் நின்றது ஏறக்குறைய ஒரே உள்வெப்பத்தில், அதாவது 40 டிகிரிக்குச் சற்று மேலே.

காரியம் இதுதான்: குளிர்ச்சி பலத்தைக் கூட்டவில்லை. வெப்பம் எல்லையைத் தொடுமுன் கிடைக்கும் அவகாசத்தையே கூட்டியது. பனி மேலங்கி மார்பையும் முதுகையும் மூடி, கால்களை விட்டுவிடுவதன் காரணமும் இதுவே. கால்தசைகள் சூடாக இருக்கட்டும், உடற்பகுதி குளிர்ந்திருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

பருகும் பனி

மேலங்கியைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ குளிர்நீர் 4 டிகிரியிலிருந்து உடல் வெப்பத்திற்கு ஏற 33 கிலோகலோரி போதும். ஆகவே தூளாக்கிய பனி கலந்த பானம், வெறும் குளிர்நீரைவிட அதிக வெப்பத்தை உள்ளிருந்து இழுத்துக்கொள்ளும். 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பத்து ஆண்களை 34 டிகிரி வெப்பத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குளிர்நீர் பருகிய நாளில் சராசரி 40.7 நிமிடமும், பனிப்பானம் பருகிய நாளில் 50.2 நிமிடமும் ஓடினார்கள்.

ஆனால் அதே ஆய்வில் ஜாக்கிரதையாகக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பனிப்பானம் பருகிய நாளில், ஓட்டத்தை நிறுத்தும் வேளையில் அவர்களுடைய உள்வெப்பம் சுமார் 0.3 டிகிரி அதிகமாகவே இருந்தது. அதாவது, குளிர்ச்சி ஒருவரை இன்னும் சிறிது அதிகமான வெப்பம் வரை ஓடவைக்கவும் கூடும். குளிரூட்டிக்கொண்டவருக்கு வெப்ப அதிர்ச்சி வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

2019இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், பெண்கள் மாரத்தான் வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் தொடங்கப்பட்டது. அப்படியும் புறப்பட்ட 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை வெப்பம் குறைந்த சப்போரோ நகருக்கே மாற்றினார்கள். பனியைவிட நேரத்தையும் இடத்தையும் மாற்றுவதே பெரிய பாதுகாப்பு என்று இதனால் அறிகிறோம்.

ஒருவர் விழுந்துவிட்டால்

ஓட்டத்திற்கு முன் குளிர்ச்சி விருப்பமானது. வெப்ப அதிர்ச்சி வந்தபின் குளிர்ச்சி கட்டாயமானது. வெயிலில் ஓடியவர் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், நினைவிழந்தால், உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்று கருத வேண்டும். வியர்வை கொட்டுகிறதே, ஆபத்தில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல், தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி, தலை மூழ்காதபடி தாங்கிக்கொண்டு, கழுத்துவரை அமர்த்த வேண்டும். தொட்டி இல்லையென்றால் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் இடைவிடாமல் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் இவ்விதம் வெப்ப அதிர்ச்சியுற்ற 274 பேரை அந்த இடத்திலேயே குளிர்நீரில் அமர்த்தினார்கள். ஒருவரும் இறக்கவில்லை.

நம் ஊர்களிலும் பள்ளிகளும் வாலிபர் சங்கங்களும் கோடைக்காலத்தில் விளையாட்டுப் போட்டிகளை நடத்துகின்றன. நெடுந்தூர ஓட்டங்களை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைகளையும் சான்றிதழ்களையும் வாங்கி வைக்கும்போது, ஒரு பெரிய தொட்டியையும் நாலைந்து பாளம் பனிக்கட்டியையும் மைதானத்தின் ஓரத்தில் ஆயத்தமாக வையுங்கள். பந்தயம் முடியும்வரை அது பயன்படாமலே இருந்தால், அதுவே மிகுந்த சந்தோஷம்.